கேட்கும் வாயும் கேளாச் செவியும்: சீன உரையாடற் கைநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கியத் திறனாய்வாளர் உரையாடற் கைநூலைத் தமது ஆய்வுப் பொருளாகக் கொள்வது அரிது. அகராதிக்கு மொழியியலில் இடமுண்டு. பிரயாண நூலுக்கு இலக்கிய வரலாற்றில் இடமுண்டு. அந்நிய ஊரொன்றில் வந்திறங்கிய ஒருவர் வழி கேட்கவும், விலை கேட்கவும், உணவு கேட்கவும் வேண்டிய வாக்கியங்களைத் தொகுத்துத் தரும் சிறு நூலோ இரண்டுக்கும் இடையில் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது. இன்று அது நூல் வடிவத்தையும் பெரும்பாலும் இழந்து, கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஒரு செயலியாக மாறியுள்ளது. சீனாவுக்குச் செல்லும் பிரயாணி, திரையில் வேண்டிய வாக்கியத்தைத் தொட்டதும் அது சீன எழுத்திலும் உரோம எழுத்திலும் தோன்றுகின்றது. பதிவு செய்யப்பட்ட குரலொன்று அதனை அவருக்காகச் சொல்லியும் விடுகின்றது.

கருவிதானே, இதில் ஆராய என்ன இருக்கின்றது என்று வினவலாம். ஒரு சமுதாயம் பிறிதொரு சமுதாயத்தோடு பேச முற்படும்போது எவ்வாக்கியங்களை முதலிலே தெரிவு செய்கின்றது, எவற்றைத் தேவையற்றனவென விட்டுவிடுகின்றது என்பது தற்செயலான காரியமன்று. கைநூலின் ஒவ்வொரு வாக்கியமும் எழுதப்படாத நாடகமொன்றின் ஒரு வரி. பேசுபவர் யார், பேசப்படுபவர் யார், அவர்களிடையே கைமாறும் பொருள் யாது, கட்டளை எப்பக்கத்திலிருந்து வருகின்றது என்பவற்றை அவ்வரியிலிருந்தே நாம் உய்த்துணரலாம். சொல் என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒருசேர உரியது என்ற கருத்தை வொலோஷினொவ் 1929 இல் வெளியான தமது மார்க்சிய மொழித் தத்துவ நூலில் விரிவாக நிறுவினார். அக்கருத்தை ஏற்கும் எவரும், ஒரு தரப்பின் சொற்களை மாத்திரம் அச்சிட்டு மறுதரப்பை வெற்றிடமாக விடும் ஒரு நூல்வகையைச் சந்தேகத்தோடுதான் நோக்குவர்.

தமிழிலே ‘கேள்’ என்னும் ஒரே வினையடி வினவுதலையும் செவிமடுத்தலையும் குறிக்கின்றது. விடையைச் செவிமடுக்கும்போதே வினவுதல் முழுமையடைகின்றது என்ற நடைமுறை அறிவு இதனுள் உறைந்து கிடக்கின்றது எனக் கொள்ளலாம். இவ்விரு பொருள்களையும் உரையாடற் கைநூல் எப்போது, எவ்வாறு, எவருடைய நலன் கருதிப் பிரித்தது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பிரச்சினை. சீன மொழியை இதற்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கைநூல் மரபொன்று அம்மொழிக்கு உள்ளது. வணிகர், காலனித்துவ அதிகாரிகள், குடிபெயர்ந்த கூலிகள், புரட்சிகர அரசு, உல்லாசப் பிரயாணிகள் என மாறிமாறி வந்த சமூக சக்திகள் யாவும் அம்மரபில் தத்தம் தடத்தைப் பதித்துச் சென்றுள்ளன.

2

இம்மரபின் தொடக்கத்தில் நிற்பது ‘லாவ் ச்சிதா’ என்னும் நூல். கொரியாவின் கொர்யோ அரசுக் காலத்தில், 14 ஆம் நூற்றாண்டளவில், கொரியருக்குப் பேச்சுச் சீனம் கற்பிப்பதற்காக இது இயற்றப்பட்டது. ஆசிரியர் பெயர் தெரியாது. பின்வந்த ஜொசொன் அரசு 1393 இல் நிறுவிய மொழிபெயர்ப்பாளர் பணியகத்தில் இது நூற்றாண்டுக்கணக்காகப் பாடநூலாக விளங்கிற்று. 16 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோ செஜின் என்னும் அறிஞர் கொரிய எழுத்தில் ஒலிக்குறிப்பும் மொழிபெயர்ப்பும் சேர்த்தார். 1998 இல் தென்கொரியாவில் கண்டெடுக்கப்பட்ட பழைய பிரதியொன்று, யுவான் வமிசக் காலத்துப் பேச்சுமொழியை அறிவதற்குக் கிடைத்த அரிய சான்றாக மதிக்கப்படுகின்றது.

மொழியியலாளர் இந்நூலை ஒலி வரலாற்றுக்காகவும் இலக்கண வரலாற்றுக்காகவும் படிப்பர். நாம் கவனிக்க வேண்டியது அதன் கட்டமைப்பாகும். குதிரைகளையும் துணியையும் மருந்து வேரையும் விற்பதற்காகத் தலைநகர் நோக்கிச் செல்லும் கொரிய வணிகர் சிலர், வழியில் வாங் என்னும் குடிப்பெயர் கொண்ட சீன வணிகரைச் சந்தித்து அவரோடு சேர்ந்து பயணிக்கின்றனர். நூல் முழுவதும் உரையாடலாகவே நடக்கின்றது. முதலில் வினவுபவர் சீனர். விடை சொல்பவர் கொரியர். அந்நியராகிய நீர் எம் மொழியை எங்கே, எவரிடம் கற்றீர் என்ற விசாரணையோடு பழக்கம் தொடங்குகின்றது. பிரயாணி இங்கே விசாரிக்கப்படுபவர். தன்னை விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இதனினும் முக்கியமானது இடைவழியில் வரும் ஒரு பகுதி. கிராமத்து வீடொன்றில் பயணிகள் தானியம் விலைக்குக் கேட்கின்றனர். அவ்வாண்டு விளைச்சல் பொய்த்தமையால் தமக்கே வெளியில் வாங்கி உண்ண வேண்டிய நிலை என வீட்டார் கூறுகின்றார். பிறிதோரிடத்தில், முன்பின் அறியாதவரைத் தங்கவைத்தால் அரசாங்கத்தின் விசாரணைக்கு உள்ளாக நேரிடும் என்ற அச்சத்தால் இடம் மறுக்கப்படுகின்றது. மொழி கற்கும் மாணவன் இவ்விடைகளையும் மனனஞ் செய்ய வேண்டியிருந்தது. எதிரே நிற்பவருக்கும் ஒரு வயிறு உண்டு, ஓர் அரசு உண்டு, ஓர் அச்சம் உண்டு என்பது இலக்கணத்தோடு சேர்த்தே கற்பிக்கப்பட்டது.

இதனை நாம் இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. ‘லாவ் ச்சிதா’ மனிதாபிமானப் பிரசாரத்துக்காக எழுதப்பட்டதன்று. அது வணிகர் உலகின் விளைபொருள். எனினும், வணிகன் தன் எதிராளியின் விடையைப் புரிந்துகொள்ளாவிடின் நட்டமடைவான். இரு தரப்பும் ஏறக்குறையச் சமநிலையில் நின்று பேரம் பேசியமையாலேயே நூலும் இரு தரப்புப் பேச்சையும் பதிவு செய்தது. சமூக உறவே வடிவத்தைத் தீர்மானித்தது.

சீன மொழி பிறமொழிகளோடு கூடிநின்ற பிறிதொரு பழைய சான்று நமது நாட்டிலேயே உண்டு. 1409 ஆம் ஆண்டுத் தேதியிடப்பட்டு, செங் ஹேயின் கடற்படையால் கொண்டுவரப்பட்டு, 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றிக் காணிக்கைகளை வரிசைப்படுத்துகின்றது. மூன்று மொழிகள் ஒரே கல்லில் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றிடம் எதையும் வினவுவதில்லை. பேரரசு தன் வலிமையை மும்மொழிகளிலும் அறிவிக்கின்றது. ஏறக்குறைய அக்காலத்தையொட்டிக் கொரியாவில் படிக்கப்பட்ட உரையாடல் நூலிலோ, குதிரைக்குத் தீனி கேட்டு இருவர் பேசிக்கொள்கின்றனர். அறிவிப்புக்கும் உரையாடலுக்கும் உள்ள இவ்வேறுபாடு பின்வரும் காலங்களை விளங்கிக்கொள்வதற்கு உதவும்.

3

ஐரோப்பியர் சீன மொழியைக் கற்கத் தொடங்கிய சூழல் முற்றிலும் வேறானது. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் மேலைநாட்டு வணிகம் கன்டன் துறைமுகத்துக்குள் ஒடுக்கப்பட்டிருந்தது. அந்நியருக்கு மொழி கற்பிப்பதும் ஆபத்தான தொழிலாக இருந்தது. 1807 இல் அங்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிய மிஷனரி ரொபேட் மொரிசன், 1816 இல் சீன உரையாடல்களையும் தனி வாக்கியங்களையும் கொண்ட நூலொன்றை மக்காவோவில் கம்பனி அச்சகத்தின் மூலம் வெளியிட்டார். ‘உரையாடல்’, ‘தனி வாக்கியம்’ என்னும் இரண்டும் தலைப்பிலேயே அடுத்தடுத்து இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது. உரையாடலிலிருந்து வாக்கியம் பிய்த்தெடுக்கப்படும் காலகட்டத்தின் வாயிலில் அந்நூல் நிற்கின்றது.

அதே கன்டனில் மறுதரப்பும் வாளாவிருக்கவில்லை. செம்மயிரரின் பேச்சு என்ற பொருள்படும் தலைப்புகளோடு மலிவான சிறு பிரசுரங்கள் கடைத்தெருக்களில் அச்சிடப்பட்டன. ஆங்கிலச் சொற்களின் ஒலி கன்டனியப் பேச்சுக்கேற்பச் சீன எழுத்துக்களால் குறிக்கப்பட்டிருந்தது. கடைச்சிப்பந்திகளும் வேலைக்காரரும் படகோட்டிகளும் அவற்றைக் கொண்டு பிழைப்பு நடத்தினர். கம்பனி அச்சகத்தின் செம்மையான நூல் ஒரு கையில். கடைத்தெருவின் கசங்கிய பிரசுரம் மறுகையில். பிரபுக்களின் கைநூலும் பணியாளரின் கைநூலும் தனித்தனியே பிறந்தன.

இரு அபினி யுத்தங்களுக்குப் பின்னர் இச்சமனின்மை சட்ட வடிவம் பெற்றது. 1842 இல் படை அதிகாரியாகச் சீனா வந்து, மொழிபெயர்ப்பாளராகவும் பின்னர் பெய்ஜிங்கில் பிரித்தானியத் தூதராகவும் உயர்ந்த தோமஸ் வேட், 1867 இல் தமது புகழ்பெற்ற பேச்சுச் சீனப் பாடநூலை வெளியிட்டார். கொன்சல் அலுவலகங்களுக்குப் பயிற்றப்பட்ட இளம் அதிகாரிகளே அதன் முதன்மையான மாணவர். பெய்ஜிங் உத்தியோக வழக்கை ஐரோப்பியர் தரமான சீனமாக ஏற்பதற்கு அந்நூல் பெரிதும் காரணமாயிற்று. வேட்டின் புலமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவருடைய சீன ஆசிரியர் இங் லொங்தியென் இன்றி அந்நூல் உருவாகியிருக்காது. எனினும் உலகம் அதனை வேட்டின் பெயராலேயே அறிந்தது. உழைப்பின் பயன் உழைத்தவர் பெயரிலிருந்து பிரிக்கப்படுவது ஆலைகளில் மாத்திரம் நிகழ்வதன்று.

இதற்கு நேர்மாறான திசையில் எழுந்த நூலொன்றையும் இங்கு நோக்குதல் தகும். கலிபோர்னியாவில் தங்கச் சுரங்கங்களிலும் புகையிரதப் பாதைகளிலும் சலவைச் சாலைகளிலும் உழைத்த சீனருக்காக, வொங் சாம் என்பவரும் உதவியாளரும் தொகுத்த ஆங்கில-சீனக் கைநூல் 1875 இல் சன் பிரான்சிஸ்கோவில் வெளிவந்தது. வீட்டு வாடகை, வேலை, கூலி என்பவற்றோடு நில்லாமல், தாக்கப்பட்டவன் முறையிடுவதற்கும், களவு கொடுத்தவன் சாட்சி சொல்வதற்கும், கொலையுண்ட ஒருவரைப் பற்றி நீதிமன்றில் தெரிவிப்பதற்கும் வேண்டிய வாக்கியங்கள் அதிலே நிரம்பியுள்ளன. ஏழு ஆண்டுகளின் பின், 1882 இல், அமெரிக்கா சீனத் தொழிலாளரின் வருகையைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சட்டத்துக்கு இட்டுச்சென்ற வன்முறையின் வரலாற்றை அறிய விரும்புபவர் இக்கைநூலின் வாக்கியங்களை வரிசையாகப் படித்தாலே போதும். ஆவணம் தானாகவே பேசும். சுற்றிப்பார்க்க வந்தவனின் கைநூலில் ‘அவசரநிலை’ என்பது கடைசி அத்தியாயம். உழைக்க வந்தவனின் கைநூலில் அதுவே நூல்.

4

கைத்தொலைபேசியில் ஒலிக்கும் குரலுக்கு முன்னோடியாக இசைத்தட்டு இருந்தது. 1924 முதல் 1929 வரை லண்டன் கீழைத்தேயக் கல்வி நிறுவனத்தில் சீன மொழி கற்பித்த ஓர் இளம் ஆசிரியர், லிங்குவாபோன் நிறுவனத்தின் சீன மொழிப் பாடத்தைத் தயாரிப்பதில் பங்குகொண்டு அதன் இசைத்தட்டுகளிலே தாமே பேசினார். அவர்தாம் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் லாவ் ஷ.

இந்நிகழ்ச்சியை இலக்கிய வரலாற்றின் சுவையான துணுக்காகக் கருதி விட்டுவிடுவது வழக்கம். நாம் அதில் ஒரு முக்கியமான முரண்பாட்டைக் காண்கின்றோம். பெய்ஜிங் பேச்சுமொழியை அந்நியருக்கு வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர், 1936-37 இல் தொடராக வெளிவந்த ‘ரிக்‌ஷாக்காரன் சியாங்ட்ஸ’ நாவலில், அப்பேச்சுமொழியை ரிக்‌ஷா இழுப்பவன் ஒருவனது அகவாழ்வைச் சொல்லப் பயன்படுத்தினார். அக்காலத்துப் பிரயாணிக்கு ரிக்‌ஷாக்காரனிடம் சொல்ல வேண்டியவை சிலவே: அங்கே போ, மெதுவாகப் போ, இங்கே நில், எவ்வளவு? இந்த நான்கு ஏவல்களுக்கும் வினாக்களுக்கும் அப்பால் அவன் இல்லை. நாவலிலோ அவன் மூன்று ஆண்டுகள் வியர்வை சிந்திச் சேமித்து ஒரு ரிக்‌ஷா வாங்குகின்றான். படையினர் அதனைப் பறிக்கின்றனர். மீண்டும் சேர்த்த பணத்தை இரகசியப் பொலிஸ்காரன் பிடுங்குகின்றான். சொந்த உழைப்பால் தனியாளாக உயரலாம் என்ற நம்பிக்கை படிப்படியாக அவனுள் சாகின்றது. ‘எவ்வளவு?’ என்ற வினாவுக்கு அவன் சொல்லும் தொகையின் பின்னால் எத்தனை நாட்கள், எத்தனை அவமானங்கள் கிடக்கின்றன என்பதை நாவல் கணக்குப் பார்க்கின்றது.

கைநூல் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றதோ அந்த இடத்திலேயே யதார்த்த நாவல் தொடங்குகின்றது எனலாம். ஒன்றில் பேசப்படுபவன் மற்றொன்றில் பேசுபவனாகின்றான். ஆகவே, கைநூல் ஒரு கருவியாதலின் அதனிடம் இலக்கியத்தை எதிர்பார்க்கலாகாது என்ற வாதம் பாதியளவே சரியானது. கருவியிடம் நாவலை நாம் எதிர்பார்க்கவில்லை. அக்கருவி எவரை மௌனியாக்குகின்றது என்பதை அறிவதற்கு நாவலை அளவுகோலாகக் கொள்கின்றோம்.

5

இதுவரை ‘சீன மொழி’ என ஒருமையிலே கூறிவந்தோம். உண்மையில், பிரயாணி கற்கும் மன்டரின் மொழி அவருக்கு விடை சொல்பவரின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இது வரலாற்றுப் பிரச்சினை. இடதுசாரி எழுத்தாளரிடையே கடுமையாக விவாதிக்கப்பட்ட பிரச்சினையுமாகும்.

1930களின் தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் தலைவரும் விமர்சகருமான ச்சூ ச்சியூபாய், பல மாகாணங்களிலிருந்தும் வந்து பெருநகரங்களின் ஆலைகளில் ஒன்றுகூடும் தொழிலாளர் தம் வாழ்க்கைத் தேவையினாலேயே புதிய பொதுமொழி ஒன்றை ஆக்கிவருகின்றனர் எனவும், மக்கள் இலக்கியம் அம்மொழியிலேயே எழுதப்பட வேண்டும் எனவும் வாதிட்டார். நாவலாசிரியர் மாவ் துன் 1932 இல் இதனை மறுத்தார். ஷங்ஹாயின் தொழிலாளரிடையே வழங்கும் மொழியை அவதானித்த அவர், நாடு முழுவதற்குமான பொதுமொழி இன்னும் உருவாகவில்லை, அவ்வந்நகரின் வட்டார வழக்கே மேலோங்கி நிற்கின்றது எனச் சுட்டிக்காட்டினார். ச்சூ சொன்னது ஒரு திசையை. மாவ் துன் சொன்னது அன்றிருந்த நிலையை. ச்சூ ச்சியூபாய் 1935 இல் கோமின்டாங் ஆட்சியினரால் சுட்டுக்கொல்லப்பட்டார். சீனத்தை உரோம எழுத்தில் எழுதுவதற்கு அவரும் சோவியத் அறிஞரும் வகுத்த திட்டம், பின்வந்த பின்யின் முறைக்கு முன்னோடிகளுள் ஒன்றாயிற்று.

மக்கள் சீனம் 1956 இல் பொதுமொழியைப் பரப்பும் பணிப்புரையை விடுத்தது. பெய்ஜிங் ஒலிப்பும், வடபுல வழக்குகளும், முன்மாதிரியான நவீன பேச்சுநடைப் படைப்புகளின் இலக்கணமும் அதன் அடிப்படைகளாக வரையறுக்கப்பட்டன. பின்யின் 1958 பெப்ரவரி 11 ஆந் திகதி தேசிய மக்கள் காங்கிரஸினால் அங்கீகரிக்கப்பட்டது. எழுத்தறிவில்லாப் பெருந்திரளான மக்களைக் கருத்திற்கொண்டு தோன்றிய ஓர் இயக்கத்தின் அறுவடையே இன்று கைத்தொலைபேசித் திரையில் பிரயாணி படிக்கும் உரோம வரி என்பதை நாம் மறத்தலாகாது.

அதே 1958 இன் ஜனவரியில், கிராமத்தாரையும் நகரத்தாரையும் தனித்தனிப் பதிவேட்டில் நிறுத்தி இடப்பெயர்வைக் கட்டுப்படுத்தும் குடிப்பதிவுச் சட்டமும் நிறைவேறியது. நாட்டார் அனைவரும் ஒரே மொழியில் பேசுதற்கு வழி திறந்த ஆண்டிலேயே, அவர்கள் ஒரே நகரில் சமமாக வாழ்வதற்கான வழி ஒடுக்கப்பட்டது. இவ்விரு முடிவுகளின் கூட்டு விளைவை இன்றும் காணலாம். அரசாங்கக் கணக்கெடுப்புப்படி பொதுமொழி பேசக்கூடியோர் 2000 இல் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேராக இருந்து, 2020 இல் 80.72 ஆயினர். கிராமத்துப் பதிவோடு, உள்ளூரிலோ வெளியூரிலோ விவசாயமல்லாத தொழில் செய்யும் தொழிலாளர் தொகை 2023 இல் 29 கோடியைத் தாண்டியது. விடுதியில் அறை துப்புரவு செய்பவரும், உணவு கொண்டுவருபவரும், வாடகைக் கார் ஓட்டுநரும் பெரும்பாலும் இவர்களே. பெற்றோரிடம் ஒரு மொழியும் தொழிலிடத்தில் வேறொரு மொழியும் பேசும் இவர்கள், பொதுமொழியைப் பள்ளியிலும் தொழிலிலும் கற்றவர்கள்.

ச்சூ கனவு கண்ட தொழிலாளரின் பொதுமொழி ஒருவகையில் நனவாகியுள்ளது. ஆனால் அது தொழிலாளர் தம் விடுதலைக்காக ஆக்கிய மொழி எனச் சொல்வதைவிட, தம் உழைப்பை விற்பதற்காகக் கற்ற மொழி எனச் சொல்வதே பொருந்தும். கைநூலின் பக்கங்களில் இவ்வுண்மைக்கு இடமில்லை. அங்கே மன்டரின் என்பது அந்நாட்டார் யாவரும் பிறப்போடு பெற்ற இயற்கைப் பேச்சாகத் தோற்றமளிக்கின்றது. உண்மையிலோ, பிரயாணியும் விடுதித் தொழிலாளியும் இருவருக்குமே கற்ற மொழியான ஒன்றில் சந்திக்கின்றனர். ஒருவர் அதனை விடுமுறைக்காகக் கற்றார். மற்றவர் பிழைப்புக்காகக் கற்றார்.

6

இப்பின்னணியில் கைத்தொலைபேசிக் கைநூலை நோக்குவோம். இத்தகைய செயலிகளின் பகுப்பு ஏறக்குறைய ஒரேவிதமானது: வணக்கம், எண்கள், போக்குவரத்து, தங்குமிடம், உணவு, கடை, அவசரநிலை. நுகர்வோன் ஒருவனது நாளாந்தக் கடமைகளே மொழியின் இலக்கணமாக வகுக்கப்பட்டுள்ளன. வேலை, கூலி, குடும்பம், நிலம், நோய்க்கான செலவு என்பன பற்றி எதிரே நிற்பவரிடம் விசாரிக்கும் வாக்கியங்களைத் தேடிக் கண்டுபிடித்தல் கடினம்.

மன்டரின் ஒலியமைப்பே இங்கு ஒரு பாடம் சொல்கின்றது. அம்மொழியில் அடிப்படையாக நான்கு தொனிகள் உண்டு. ‘மாய்’ என்னும் அசையைத் தாழ்த்தி எழுப்பும் மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குதல். சடுதியாக வீழும் நான்காம் தொனியில் சொன்னால் விற்றல். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வியாபாரம். வாங்குபவனையும் விற்பவனையும் பிரிப்பது குரலின் ஏற்ற இறக்கமே. செயலியின் வாக்கியங்களிலோ பிரயாணி எப்போதும் மூன்றாம் தொனியிலேயே நிற்கின்றார்.

விளிச்சொற்களின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. புரட்சிக்குப் பிந்திய மூன்று தசாப்தங்களில் கடைச்சிப்பந்தியையும் பஸ் நடத்துநரையும் அதிகாரியையும் ‘தொங்ஜி’, அதாவது தோழர், என ஒரே சொல்லால் அழைக்கலாயிற்று. 1978 இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் சீமான், சீமாட்டி என்பவற்றுக்கு நிகரான பழைய சொற்கள் திரும்பின. அவற்றுள் இளம்பெண்ணை அழைக்கும் ‘சியாவ்ஜியே’ பல இடங்களில் பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் இழிபொருளையும் ஏற்றமையால், உணவுச்சாலையில் அதனைத் தவிர்ப்பது மரியாதையாயிற்று. 1980களின் இறுதியில் ஹொங்கொங்கிலிருந்து பரவிய வழக்கில் ‘தொங்ஜி’ ஒருபாலுறவாளரைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்கலாயிற்று. ஒடுக்கப்பட்ட ஒரு சாரார் தம் ஒருமைப்பாட்டுக்கு அச்சொல்லைக் கையேற்றமை அதன் பழைய ஆற்றலுக்குச் சான்றாகும். 2016 இல் கட்சி உறுப்பினர் தம்முள் அதனையே வழங்க வேண்டுமெனக் கட்சி வலியுறுத்த வேண்டியிருந்தமை, பொதுவழக்கில் அது எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதைக் காட்டுகின்றது.

இன்றைய பிரயாணிக்குச் செயலி கற்பிக்கும் விளி பெரும்பாலும் ‘ஃபூவுயுவென்’ என்பது: சேவை செய்யும் ஆள். இச்சொல்லும் பரவலானது 1949க்குப் பின்னரே; பழைய ஏவலாளர் பெயர்களை நீக்கி, தொழிலின் மதிப்பை உயர்த்துவதற்காக வந்தது. மாவோவின் 1944 ஆம் ஆண்டு உரையால் புகழ்பெற்ற, மக்களுக்குச் சேவை செய்தல் என்ற முழக்கத்தில் உள்ள சேவையும் இதுவே. சொல் மாறவில்லை. சேவை பெறுபவர் மாத்திரம் மக்களிலிருந்து வாடிக்கையாளராக மாறியுள்ளார்.

தமிழ்ப் பிரயாணியின் நிலையில் மேலுமொரு சிக்கல் உண்டு. நம்மவர் பலர் ஆங்கில வாக்கியத்தின் வழியாகவே சீனத்தை அடைகின்றனர். தமிழிலே நீ, நீர், நீங்கள் என்ற படிநிலைகள் உள்ளன. சீனத்திலும் ‘நீ’ எனவும் மரியாதைக்குரிய ‘நின்’ எனவும் வேறுபாடு உண்டு. இடையில் நிற்கும் ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல்லில் இரு பக்க வேறுபாடுகளும் கரைந்துபோகின்றன. முதியவர் ஒருவரை ‘நீங்கள்’ என மனத்துள் விளித்தவரின் மரியாதை, கைத்தொலைபேசியைக் கடந்து மறுபக்கம் சேரும்போது உதிர்ந்துவிடலாம்.

தொழில்நுட்பம் இவ்விடத்தில் நிற்கவுமில்லை. சீன நகரங்களில் உணவுப் பட்டியலையும் விலையையும் மேசையில் ஒட்டிய குறியீட்டுச் சதுரத்தைப் படமெடுத்து அறிந்து, பணத்தையும் அவ்வாறே செலுத்தலாம்; 2023 முதல் வெளிநாட்டு வங்கி அட்டைகளை அலிபே, வீசாட் என்பவற்றோடு இணைக்கும் வசதியும் விரிவாக்கப்பட்டது. ‘துவோஷாவ் ச்சியென்’, எவ்வளவு பணம் என்ற வினா கைநூல்களின் மையமாக இருந்தது; அவ்வினாவே இன்று தேவையற்றதாகிக்கொண்டிருக்கின்றது. முன்பு விடை கேட்கப்படவில்லை. இனி வினாவும் கேட்கப்படமாட்டாது. உணவைச் சமைத்தவரும் கொண்டுவந்தவரும் திரைக்குப் பின்னால் மறைய, பண்டம் தானாகவே மேசைக்கு வந்து சேர்ந்தாற்போன்ற மயக்கம் எஞ்சுகின்றது. பண்டங்களின் உறவாக மனித உறவு தோற்றமளிப்பது பற்றி மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் எளிய உதாரணம் வேண்டியதில்லை.

7

இவற்றால் கைத்தொலைபேசிக் கைநூலை நிராகரிக்க வேண்டும் என்பது நமது முடிவன்று. வேட்டின் நூலை வாங்கவோ இசைத்தட்டுகளைப் பெறவோ வசதியற்றிருந்த பல்லாயிரவருக்கு இன்று சரியான ஒலிப்பு கைக்கெட்டியுள்ளது. பரீட்சைக்குச் செல்லும் மாணவியும், துணி வாங்கச் செல்லும் சிறு வியாபாரியும், வைத்தியசாலையில் வலியைச் சொல்ல வேண்டிய நோயாளியும் அதனாற் பயனடைகின்றனர். உற்பத்திச் சாதனத்தைப் பழித்து உற்பத்தி உறவை மறப்பது மார்க்சியமாகாது.

கைநூலில் பெரும்பாலும் காணப்படும் ஒரு வாக்கியத்தை இங்கு எடுத்துக்காட்டுதல் பொருந்தும்: ‘திங் பு தொங்’. கேட்கின்றேன், விளங்கவில்லை என்பது அதன் பொருள். செவியில் விழுதலையும் கருத்தில் ஏறுதலையும் இரு கூறாகப் பிரித்து, முன்னது நிகழ்ந்தும் பின்னது நிகழவில்லை என அது ஒப்புக்கொள்கின்றது. எதிரே நிற்பவர் ஏதோ சொன்னார் என்பதை ஏற்கும் வாக்கியம் கைநூல் முழுவதிலும் இதுவொன்றுதான் என்றே கூறலாம். பொதுவாக இதனைத் தோல்வியின் வாக்கியமாகக் கொள்வர். இதனைச் சொன்னதும் உரையாடலைக் கைவிட்டுத் திரையைக் காட்டுவர். நம்முடைய நோக்கில், உரையாடல் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

அவ்விடத்திலிருந்து தொடங்கும் கைநூலொன்றை ஆக்குவது இயலாத காரியமன்று. ‘லாவ் ச்சிதா’வின் ஆசிரியர் அதனை 14 ஆம் நூற்றாண்டிலேயே செய்தார். விடைகளையும் பதிவு செய்க. மறுப்புகளையும் பதிவு செய்க. ஊர் எது, வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள், ஊருக்குப் போய் எத்தனை மாதம், பிள்ளைகள் யாரிடம் வளர்கின்றனர் என்ற வினாக்களுக்கும், அவற்றுக்கு வரக்கூடிய விடைகளுக்கும் இடம் தருக. ஓர் ஊர்க்காரரின் மெதுவான பொதுமொழியும், வேறோர் ஊர்க்காரரின் வட்டார வாசனையோடு கூடிய பொதுமொழியும் செவிக்குப் பழகும்படி பல குரல்களைச் சேர்க்க. பதிவு செய்யப்பட்ட ஒலிகளை வேண்டிய அளவு சேமிக்கும் வசதி கைத்தொலைபேசிக்கு உண்டு. அதனைப் பயன்படுத்தும் சமூக நோக்கமே இதுவரை இல்லாதிருக்கின்றது.

நமது நாட்டுக்கும் இதில் அக்கறை உண்டு. 2021 இல், சீன மொழி இடம்பெற்றுத் தமிழ் விடுபட்ட பெயர்ப்பலகைகள் இலங்கையில் சர்ச்சைக்குள்ளாயின. காலிக் கல்லில் இருந்த தமிழ் இப்பலகைகளில் இல்லை என்ற ஆதங்கம் நியாயமானது. ஆயினும், பலகையில் தமிழைச் சேர்ப்பதோடு பிரச்சினை தீர்ந்துவிடும் எனக் கருதுதல் குறுகிய நோக்காகும். அரசுகளும் மூலதனமும் தத்தம் தேவைக்கேற்ப மொழிகளை அருகருகே நிறுத்தும், வேண்டாதபோது நீக்கும். கட்டுமானத் தளத்தில் ஒரே வெயிலில் நிற்கும் சீனத் தொழிலாளியும் தமிழ், சிங்களத் தொழிலாளரும் ஒருவரையொருவர் கூலி என்ன, வேலை நேரம் எவ்வளவு, காயம்பட்டால் யார் பொறுப்பு எனக் கேட்டறியும் கைநூல் இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதும் பொறுப்பு மொழி கற்ற முற்போக்காளரைச் சார்ந்தது. வினவுதலும் செவிமடுத்தலும் ஒரே சொல்லாக வழங்கும் மொழியினராகிய நமக்கு அப்பணி அந்நியமானதாக இருத்தலாகாது.